எங்களுக்கு இரண்டு நாள், அவர்களுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. அதைப் பற்றி வரும் கட்டுரை, டிவி விவாதம் எதைப் பார்த்தாலும் 300 பேர் கணக்குதான் ஓடுகிறது. ஆலையை மூடவோ ஆட்களைக் குறைக்கவோ அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்தது பெரிய விஷயம்தான், தொழிற்சங்கங்கள் எதிர்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கோவை கணபதியில் நாலு லேத்தும் இரண்டு சிஎன்சியும் போட்டு, முப்பது பேரை வைத்து ஜாப் ஆர்டர் ஓட்டும் என்னைப் போன்றவனுக்கு நூறும் ஒன்றுதான் முந்நூறும் ஒன்றுதான். எங்களைத் தொடும் பிரிவுகள் வேறு.

முதலில் சம்பளக் கணக்கு. பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, குறைவாக வைத்து மீதியை வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்துப் போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற வேலை, பிஎஃப்-ம் (வருங்கால வைப்பு நிதி) கிராஜுட்டியும் (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) குறையும் என்பதற்காகத்தான். எல்லாருக்கும் ஒரேபோல் தரும் படிகளையும் பிஎஃப் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது, பலர் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்: கணக்கில் வராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 24,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு பேசிக் 8,000, வாடகைப்படியும் பயணப்படியும் சேர்ந்து 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 12,000, அதைத் தாண்டிய 4,000 சம்பளத்தில் சேர, பிஎஃப், கிராஜுட்டி கணக்குக்கு இனி அவர் சம்பளம் 12,000. பிஎஃப் 12 சதவீதம் என்றால் அவரிடம் பிடிப்பது 960-லிருந்து 1,440 ஆகும், நானும் அதே அளவு கூடக் கட்ட வேண்டும். பத்து வருஷம் வேலை பார்த்திருந்தால் கிராஜுட்டி சுமார் 46,000 என்பது 69,000-ஐத் தாண்டும்.

கையில் வாங்கும் சம்பளம் குறையாது என்று மத்திய அரசு ஒரு விளக்கம் கொடுத்தது. பிஎஃப் கட்டாயம் 15,000 ரூபாய் வரைக்கும்தானே என்பது அவர்கள் வாதம். ஏற்கெனவே 15,000-க்கு பிஎஃப் கட்டுகிறவருக்கு அது சரி. 8,000 பேசிக்காரருக்குக் குறையத்தான் செய்யும், முதல் மாதம் வந்து கேட்பார், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது டெல்லி இல்லை, நாங்கள். இருந்தாலும் இந்தப் பிரிவை நான் எதிர்க்கவில்லை. அறுபது வயதில் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய காசு அது.

அப்புறம் கிராஜுட்டி. ஒரு வருஷம் முடிந்தாலே எல்லாருக்கும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி என் பட்டறையிலேயே கேட்டார்கள். அது, குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு நேரடியாக வேலைக்கு எடுத்தவர்களுக்கு மட்டும். நிரந்தர ஊழியருக்கு அந்த ஐந்து வருஷம் அப்படியேதான் இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்ததே மூன்றாவது விஷயத்துக்காகத்தான். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவரை நாங்கள் நிறுத்தினாலும் சரி, அவராக ராஜினாமா செய்தாலும் சரி, இரண்டு வேலை நாட்களுக்குள் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்பு நாங்கள் நிறுத்தினால்தான் இந்த இரண்டு நாள் கெடு, இப்போது ராஜினாமாவும் சேர்ந்துவிட்டது. (கிராஜுட்டிக்கு 30 நாள், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஹோலிக்கு பீகார் போனவர் இனி வரவில்லை அண்ணா என்று பத்து நாள் கழித்து போனில் சொன்னால், அந்த இரண்டு நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று என் ஆடிட்டருக்கே தெளிவாக இல்லை. அது கிடக்கட்டும். உழைத்தவனுக்குக் காசை உடனே கொடு என்பதில் தப்பே இல்லை.

எனக்கு வர வேண்டிய காசு எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. நான் உதிரிபாகம் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று, பேர் வேண்டாம், 90 நாளுக்கு முன்னால் பணம் போட்டதே கிடையாது. 2006-ம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். படிக்க நன்றாக இருக்கும். அதன்படி புகார் கொடுத்தவனுக்கு அடுத்த ஆர்டர் வராது, அதனால் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. 2023-ல் வருமான வரியில் ஒரு திருத்தம் வந்தது, கெடுவுக்குள் எங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்தச் செலவை, பணம் கொடுத்த வருஷத்தில்தான் அவர்கள் கழித்துக்கொள்ள முடியும். விளைவு என்ன? மார்ச் 31 நெருங்கும்போது பணம் வேகமாக வருகிறது, ஜூனில் போட்ட பில்லை அக்டோபரில் கொடுத்தாலும் அதே வருஷத்துக்குள் வந்துவிடுவதால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதற்கிடையில் அந்த பில்லுக்கு ஜிஎஸ்டி அடுத்த மாதமே நான் கட்டிவிட வேண்டும், காசு வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது பிஎஃப், கிராஜுட்டி என்று ஆள் செலவு கூடிவிட்டது, ஜாப் ஒர்க் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றித் தாருங்கள் என்று கேட்டால், அது உங்கள் உள் விவகாரம் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் அறுக்கிற ஷாஃப்ட் அவர்கள் பம்பில்தானே சுற்றுகிறது!

அதற்காகச் சட்டத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்கும் முதலாளிகள் பக்கம் நான் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான், அதற்குப் புதிதாக ஒரு சட்டத் தொகுப்பும் வேண்டாம். சப்ளையருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, அந்த பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி வரி வரவை (சப்ளையர் பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையை) திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. சிறு, குறு தொழில் பில்களுக்கு மட்டும் அந்த 180-ஐ 45 ஆக்கட்டும். புகார் கொடுத்து ஆர்டரை இழக்க வேண்டிய வேலை எங்களுக்கு இருக்காது, கணக்குப் பார்க்கும்போது வரித்துறையே பிடித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் நம் நிதியமைச்சர் இதை எழுப்பலாம்.

இப்படிக்கு,
சிறுதொழில் நடத்தும் வாசகர்,
கணபதி, கோவை