2 மில்லிமீட்டர் சரி, எத்தனை ஹெர்ட்ஸில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூளகிரி பக்கம் எங்கள் ஊரை ஒட்டிய கல்குவாரியில் வெடி வைத்தால் சுவர் அதிருகிறது என்று மனு கொடுத்திருந்தோம். போன மாதம் ஒருவர் வந்து, திண்ணை ஓரம் ஒரு சின்ன டப்பாவை மண்ணில் குத்தி வைத்து அளந்தார். தரை ஆடும் வேகம் நொடிக்கு 2 மில்லிமீட்டர்தான், அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அலமாரியில் டம்ளர்கள் கடகடத்ததை அவரும்தான் கேட்டார்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான், சும்மா விட மனசு வரவில்லை. என்ன சென்சார் என்றேன். 10 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (நில அதிர்வை அளக்கும் சென்சார்), கம்பி நேராகப் பதிவுக் கருவிக்குப் போகிறது, திருத்தம் எதுவும் போடவில்லை என்றார். ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது, 10 என்பது அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம்.

அந்த டப்பாவுக்குள் இருப்பது உறையோடு ஒட்டிய காந்தமும், மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும் காயிலும் (கம்பிச் சுருள்)தான். தரை ஆடினால் காந்தமும் கூடவே ஆடும், காயில் தன் எடையால் பின்தங்கும், அந்த வித்தியாசத்தில் வோல்டேஜ் பிறக்கும். வகுப்பில் இதை நடத்துவதுதான் தொல்லை, ஏனென்றால் ஸ்பிரிங் மெக்கானிக்கல்காரர் பாடம், காயில் எலெக்ட்ரிக்கல்காரர் பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹென்றி பேய்ன்டர் 1959-ல் உருவாக்கிய பாண்ட் கிராஃப் என்ற வரைபட முறையில் இந்தப் பாகப்பிரிவினையே கிடையாது. விசையை வேகத்தால் பெருக்கினாலும் வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினாலும் வருவது பவர்தானே, அதனால் இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் கோடு போட்டு இணைத்துவிடலாம். படத்தில் எடைக்கு ஐ, ஸ்பிரிங்குக்கு சி, தடைக்கு ஆர் என்று எழுத்து, காந்தமும் காயிலும் சந்திக்கும் இடத்தில் ஜைரேட்டர் என்ற ஒரு குறி. அது வேகத்தை வோல்டேஜாக்கும், கரண்டைத் திரும்ப விசையாக்கும். கம்பி முனையில் மாட்டும் ரெசிஸ்டர்கூட உள்ளே காயிலின் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும். நம்பாதவர்கள் பழைய ஊஃபர் ஸ்பீக்கரின் கூம்பை விரலால் தட்டிப் பார்க்கட்டும், அப்புறம் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டுத் தட்டட்டும். முதலில் 'தொம்ம்' என்று இழுத்த சத்தம் இப்போது சட்டென்று அடங்கும்.

அந்தப் படத்திலிருந்து நேராகச் சமன்பாடு எழுதிப் பார்த்தேன். 10 ஹெர்ட்ஸுக்கு நன்றாக மேலே போனால் இந்த சென்சார் ஒழுங்காகச் சொல்கிறது. கீழே போகப் போகக் குறைத்துச் சொல்கிறது, டேம்பிங் (ஆட்டத்தை அடக்கும் அளவு) வழக்கமான 0.7 என்று வைத்தால், 5 ஹெர்ட்ஸில் உள்ளதில் கால்வாசிதான் காட்டும், அதாவது தரையில் 8 மில்லிமீட்டர் இருந்தாலும் சீட்டில் 2 என்றுதான் வரும். நல்ல கருவிகளில் இதற்குத் திருத்தம் இருக்கும், அது வேறு விஷயம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி சாதாரண வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. கெடுபிடி அதிகம் உள்ள இடத்தில்தான் இந்த டப்பா கண்ணை மூடிக்கொள்கிறது! எங்கள் ஊர் அதிர்வு 5 ஹெர்ட்ஸ்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. எத்தனை ஹெர்ட்ஸ் என்பதே அந்தச் சீட்டில் இல்லை.

குவாரி அதிர்வு பற்றி அடுத்த முறை செய்தி போடும்போது மில்லிமீட்டரோடு ஹெர்ட்ஸையும், சென்சாருக்குத் திருத்தம் போட்டார்களா என்பதையும் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். மறுபடி அளக்கச் சொல்லி நாங்களும் மனு கொடுத்திருக்கிறோம். பாண்ட் கிராஃப் படத்தைக் கையால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.