பங்குனிப் பூக்கள்: ஞாயிறு காலைப் படமெடுப்பு

குழு உறவுகளுக்கு வணக்கம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குக் காங்கேயம் பேருந்து நிலையத்தில் கூடி, அங்கிருந்து கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்குப் போகிறோம். தோட்டத்துக்காரரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. உள்ளே மாடுகள் மேய்வதால், நுழைந்ததும் படல் கதவை மறக்காமல் சாத்திவிடுங்கள்.

கிளுவை வேலியோரம் எருக்கு பூத்திருக்கிறது. அதை யாரும் சாதாரணமாக எண்ண வேண்டாம். நடுவில் கிரீடம் போல நிற்கும் பகுதியைக் கிட்டப்போய்ப் பாருங்கள், மெழுகில் வார்த்தது போலிருக்கும். தேனுக்கு வரும் பெரிய கருவண்டின் காலில்தான் அதன் மகரந்தப் பொதி ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. வண்டைத் துரத்தாமல், ஒரே பூவின் முன் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் அந்தப் படம் கிடைக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம்.

சரக்கொன்றை பூத்திருந்தால் வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். கைபேசித் திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். இல்லையென்றால் இதழின் நரம்புகள் மறைந்து வெறும் மஞ்சளாகிவிடும்.

சென்ற முறை சிலர் பூவைப் பறித்துப் பாறைமேல் வைத்து எடுத்திருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இம்முறை செடியில் நிற்கும் பூ மட்டும்தான்.

வர இயலாதவர்கள் வீட்டுச் செம்பருத்தியைக் காலையிலும், அந்திமந்தாரையை அது விரியும் மாலையிலும் எடுத்து அனுப்புங்கள். ஊர்ப்பெயரையும் பூவுக்கு உங்கள் பக்கம் வழங்கும் பெயரையும் அவசியம் எழுதுங்கள்.