டி-க்கு வெளியே வந்த கீப்பரை இடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் அண்மையில் நடந்த பள்ளி அணிகளின் ஹாக்கி ஆட்டம் ஒன்றில் கோல்கீப்பர் மீது எதிரணி ஃபார்வர்டு மோதியதைப் பற்றி, மாலை வேளைகளில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் கூடும் ரசிகர்களிடையே வாக்குவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இதில் இரு தரப்பாரும் சொல்லும் காரணங்கள் பல விதிப் புத்தகத்தில் இல்லாதவை என்பதாலும், நம் பிள்ளைகள் அவற்றைக் கேட்டே ஆடப் பழகுகிறார்கள் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தற்காப்பு வரிசையைத் தாண்டி வந்த நீளமான பாஸை மறிப்பதற்காகக் கீப்பர் டி-யை, அதாவது கோலுக்கு முன்னால் வளைவுக் கோடு போட்ட பகுதியை, விட்டு நாலைந்து அடி வெளியே ஓடிவந்து, பந்தை மட்டையால் பக்கக் கோட்டை நோக்கித் தட்டிவிட்டார். பந்து போன பிறகு, வந்த வேகத்தைச் சற்றும் குறைக்காத ஃபார்வர்டின் தோள் அவர் விலாவில் மோதியது. கீப்பர் மல்லாந்து விழுந்தார். ஹெல்மெட் தனியே கழன்று உருண்டது. அம்பயர் விசில் ஊதவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. நல்லவேளையாகப் பெரிய காயம் இல்லை.

அம்பயர் செய்தது சரி என்பவர்களின் வாதம் ஒரே வரியில் அடங்கிவிடும்: டி-க்குள் இருக்கும்வரைதான் அவன் கீப்பர், கோட்டைத் தாண்டிவிட்டால் மற்ற பத்துப் பேரைப் போல அவனும் ஓர் ஆட்டக்காரன். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் இடித்தவரின் செயல் சரியாகிவிடாது. ஹாக்கியில் எந்த ஆட்டக்காரரும் இன்னோர் ஆட்டக்காரரின் உடலையோ மட்டையையோ உடையையோ தொடவோ அவர் ஆட்டத்துக்கு இடையூறு செய்யவோ கூடாது என்பதும், உடல் மோதாமல் பந்தை ஆடக்கூடிய நிலையில் இருந்தால் மட்டுமே பந்தைப் பறிக்க முயலலாம் என்பதும் சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் அடிப்படை விதிகள். கீப்பரை மற்றவர்களில் ஒருவராகவே கருதினாலும், மற்றவர்களை இடிக்கலாம் என்று எந்த விதி சொல்கிறது? சென்டர் ஹாஃபின் மீது தோளால் மோதினால் ஊதப்படும் விசில், கீப்பர் மீது மோதும்போது மட்டும் ஏன் வாயிலேயே நின்றுவிட வேண்டும்?

டி என்னும் அந்த 14.63 மீட்டர் ஆரமுள்ள வட்டக்கோடு எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்பதில்தான் குழப்பமே. அது கீப்பரின் சலுகைகளுக்கான எல்லை. உள்ளே அவர் காலாலும் கிக்கர் என்னும் பாதக் கவசத்தாலும் உடலாலும் பந்தைத் தடுக்கலாம், திருப்பலாம்; வெளியே வந்தால் மட்டையால் மட்டுமே ஆட வேண்டும். முழுக் கவசத்துடன் இருக்கும் கீப்பர் 23 மீட்டர் கோட்டைத் தாண்டி ஆட்டத்தில் பங்கெடுக்கவும் முடியாது. எதிர்ப்பக்கம் பெனால்டி ஸ்ட்ரோக் (கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் தண்டனை அடி) அடிக்கப் போவது ஒன்றுதான் விலக்கு. ஆக, கோட்டைத் தாண்டும்போது அவர் இழப்பது காலால் உதைக்கும் உரிமையைத்தான். அடிபடாமல் ஆடும் உரிமை எல்லா ஆட்டக்காரர்களுக்கும் உள்ளது. அதை அவர் கோட்டுக்கு உள்ளே விட்டுவிட்டு வருவதில்லை.

புதுச்சேரியிலிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்த நண்பர் ஒருவர், தம் மகன் கனடாவில் இருப்பதால் ஐஸ் ஹாக்கியைத் தொடர்ந்து பார்ப்பவர், 'அங்கெல்லாம் வெளியே வந்த கீப்பரைச் சும்மா விடமாட்டார்கள்' என்று சொல்லி விவாதத்துக்கு எண்ணெய் ஊற்றினார். அவர் சொன்னதை வைத்தே பேசுவோம். ஐஸ் ஹாக்கியில் ஒருவரை ஒருவர் உடலால் இடிப்பது ஆட்டத்தின் அங்கம். அப்படிப்பட்ட ஆட்டத்திலேயே, கோலுக்கு முன்னால் உள்ள நீல வண்ணப் பகுதியை விட்டு வெளியே நிற்கிறார் என்பதற்காகக் கீப்பரை இடித்துத் தள்ளும் உரிமை யாருக்கும் கிடைத்துவிடாது என்று வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். விதிப் புத்தகம் எழுதியே வைத்திருக்கிறது. தவிர்க்க நியாயமான முயற்சி எடுத்தும் தற்செயலாகப் பட்டுவிட்டால் வெளியே அது குற்றமில்லை. வேண்டுமென்றே மோதினால் உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் குற்றம். பார்க்கப்போனால் அங்கும் கோடுகள் கீப்பரின் வேலையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. 2005-06 பருவத்தில் கோலுக்குப் பின்னால் ஒரு சரிவகம் வரைந்து, கோல் கோட்டுக்குப் பின்னே அதற்கு வெளியில் கீப்பர் பக்கை (பந்துக்குப் பதிலாக அங்கே ஆடும் தட்டையான வட்டு) தொடக் கூடாது என்றார்கள். தொட்டால் தண்டனை உண்டு. அதற்காக அவரை யாரும் இடிக்கலாம் என்று ஆகவில்லை.

ஆனாலும் அங்கேயும் விவாதம் தீர்ந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2011 நவம்பரில் பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில், பஃபலோ அணியின் கீப்பர் ரையன் மில்லர் பக்கை விரட்டி வெகுதூரம் வெளியே வந்தபோது, பாஸ்டனின் மிலன் லூச்சிச் அவர் மீது மோதினார். லூச்சிச்சுக்கு இரண்டு நிமிட வெளியேற்றம் மட்டுமே கிடைத்தது. லீக் விசாரணை நடத்தியும் அவரைத் தடை செய்யவில்லை. மில்லரோ தலை அதிர்ச்சிக்கு ஆளாகிச் சில ஆட்டங்களில் ஆட முடியாமல் போனார். விதி ஒன்று சொல்ல, தண்டனை வேறொன்று சொன்னால், ஆட்டக்காரர்கள் தண்டனையைத்தான் நம்புவார்கள். நம் அம்பயர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கோட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் என்னவாகும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில், பக் உள்ளே வருவதற்கு முன் தாக்கும் அணியினரின் சறுக்குக் காலணி நீலப் பகுதிக்குள் இருந்தாலே கோல் செல்லாது என்று கறாராக வைத்திருந்தார்கள். 1999-இல் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், மூன்றாவது கூடுதல் நேரத்தில் டாலஸ் அணியின் பிரெட் ஹல் அடித்த கோலே கோப்பையை முடிவு செய்தது. அப்போது அவர் ஒரு கால் உள்ளே இருந்தது. பக் அவர் வசமே இருந்ததால் கோல் செல்லும் என்று லீக் விளக்கம் சொன்னாலும், தோற்ற பஃபலோ அணியின் ரசிகர்கள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. அடுத்த பருவத்திலேயே அந்த விதியைக் கைவிட்டு, கீப்பரின் ஆட்டம் தடைபட்டதா என்பதை நடுவரே கணிக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். கால் எங்கே இருந்தது என்பதைவிட ஆள் என்ன செய்தார் என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு, அடித்துப் பிடித்து ஆடும் அவர்களே வந்துவிட்டார்கள்.

'கீப்பர் ஏன் வெளியே வர வேண்டும், கோலிலேயே நிற்கலாமே' என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். ஆஃப்சைடு விதி இருந்த காலத்து ஆட்டத்தை மனதில் வைத்துக் கேட்கும் கேள்வி அது. 1990களில் அவ்விதி நீக்கப்பட்ட பிறகு, ஃபார்வர்டு ஒருவர் தற்காப்பு வரிசைக்குப் பின்னாலேயே காத்துக்கொண்டு நிற்க முடிகிறது. அவருக்கு வரும் நீளப் பந்தை முந்திக்கொண்டு எடுக்கும் பொறுப்பு கீப்பர் தலையில்தான் விழுகிறது. அதுவும் நம் பள்ளி மண் மைதானங்களில், பந்து எங்கே எகிறும் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாதபோது, அவர் ஓடி வராமல் இருந்தால்தான் தவறு.

ஓடி வரும் அந்த நேரத்தில்தான் அவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. பேடு, கிக்கர், மார்புக் கவசம் எல்லாம் எதிரே வரும் 160 கிராம் பந்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. முதுகுக்கும் விலாவுக்கும் அவற்றால் பெரிய பயனில்லை. ஹெல்மெட்டின் கம்பி வலைக்குள்ளிருந்து பார்க்கிறவருக்குப் பக்கவாட்டில் வருகிறவர் சட்டென்று தெரியமாட்டார். தெரிந்தாலும் கிக்கர் மாட்டிய காலோடு சட்டென்று திரும்ப முடியாது. இதை அறிந்துதான் ஃபார்வர்டு ஓட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்கிறோம்.

கீப்பர்களும் ஒன்றும் பச்சைக் குழந்தைகள் அல்ல. டி-யின் விளிம்பில், இரண்டு பேடுகளையும் கட்டைபோலச் சேர்த்துப் படுத்துச் சறுக்கி, பந்தோடு சேர்த்து ஃபார்வர்டின் கணுக்காலையும் வாரிவிடும் கீப்பர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிலருக்கு நானே பயிற்சி அளித்திருக்கிறேன் என்பதால் அவர்கள் கெட்டிக்காரத்தனமும் எனக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே காலால் உதைத்தால் எதிரணிக்கு ஃப்ரீ ஹிட். வேண்டுமென்றே செய்தது என்று அம்பயர் கருதினால் பெனால்டி கார்னர். சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட்டில் நிலைமை இன்னும் நுட்பமானது: 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் கோலடிக்க வருகிறவரை நோக்கிக் கீப்பர் பாய்ந்தே ஆக வேண்டும். தெரியாமல் ஃபவுல் செய்தால் மறு வாய்ப்பு, தெரிந்து செய்தால் பெனால்டி ஸ்ட்ரோக் என்று அங்கு வகுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு கேட்கும் கீப்பர் இந்தக் கணக்குக்கும் கட்டுப்பட வேண்டும்.

நோக்கத்தைக் கணிப்பது கடினம் என்று அம்பயர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் நம் வீரர் அமித் ரோஹிதாஸின் மட்டை பிரிட்டன் வீரரின் முகத்தில் பட்டதற்கு, வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு கொடுக்கப்பட்ட சிவப்பு அட்டையையே நாம் இன்னும் ஏற்கவில்லை. பத்துப் பேராகக் குறைந்த அணியைக் கீப்பர் ஸ்ரீஜேஷ் தாங்கி நின்று, ஷூட்-அவுட்டில் 4-2 என்று வெல்ல வைத்ததால் கோபம் ஓரளவு ஆறியது. வீடியோ இல்லாத நம் மைதானத்தில் அம்பயர் பார்க்க வேண்டியது இரண்டுதான்: மோதும்போது பந்து ஆடும் தூரத்தில் இருந்ததா, வந்தவர் விலகவோ நிற்கவோ முயன்றாரா. கடலூர் ஆட்டத்தில் இரண்டுக்குமே இல்லை என்பதே விடை. ஃப்ரீ ஹிட்டோடு விடாமல் பச்சை அட்டை காட்டி இரண்டு நிமிடமாவது வெளியே அமர்த்தியிருக்க வேண்டும். அதைவிடக் கடுமையான மஞ்சள் அட்டையைக் காட்டியிருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

கழன்று உருண்ட அந்த ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பள்ளிக்குப் பொதுவானது. ஆண்டுதோறும் ஒரு பையன் தலையிலிருந்து அடுத்த பையன் தலைக்கு மாறி வருவது. தாடைப் பட்டையின் பக்கிள் உடைந்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார்கள். ஹெல்மெட், பேடு, கிக்கர் மூன்றும் கட்டாயம் என்று விதி சொல்கிறது. அணிந்திருந்தார், ஆகவே விதி மீறப்படவில்லை என்று போட்டி நடத்தியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். எனவே மாவட்ட அளவில் போட்டி நடத்துவோருக்கு என் வேண்டுகோள்: டாஸுக்கு முன் இரு கேப்டன்களையும் கீப்பர்களையும் அழைத்து, டி-க்கு வெளியே மோதினாலும் அட்டை உண்டு என்று அம்பயர் வாயாலேயே சொல்ல வேண்டும். அப்போதே கீப்பரின் தாடைப் பட்டையைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எதிரணியிடமிருந்தாவது நல்ல ஹெல்மெட் ஒன்றை வாங்கி மாட்டிய பிறகுதான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். அதற்காகக் கால் மணி நேரம் தாமதமானாலும் பாதகமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.