சிப்பம் கட்டவும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிற்றூர்களில் இருந்தபடியே மென்பொருள் எழுதும் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். நம்ம ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதியதில் மகிழ்ச்சிதான். ஆனால் நிரலை எழுதி இணையத்தில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்பதுபோலக் கட்டுரை முடிகிறதே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

களத்தில் நெல்லைக் குவித்துவைத்தால் கொள்முதல் ஆகிவிடுமா? தூற்றி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ சிப்பமாகப் பிடித்து, சாக்கைத் தைத்த பிறகுதான் லாரியில் ஏறும். மென்பொருளுக்கும் அப்படி ஒரு சிப்பம் உண்டு: நிரலையும் அதை நிறுவத் தேவையான விவரங்களையும், வேறொருவர் கணினியிலும் நிறுவும்படி ஒன்றாகக் கட்டித் தருவது. உங்கள் கட்டுரையில் அது ‘தொகுப்பு’ என்ற பெயரில் ஒரே ஒரு இடத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. எங்கள் ஆய்வகத்தில் சிப்பம் என்றுதான் சொல்கிறோம். கொள்முதல் நிலையத்தில் ராத்தங்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பழைய மாணவி ஒருவர் பெர்ல் என்ற நிரல்மொழியில் சின்ன லைப்ரரி ஒன்று, அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் நிரல் ஒன்று, எழுதினார். 500 வரிகூட இராது. மேக்ஃபைல் என்பது நிரலை எப்படிக் கட்டி நிறுவ வேண்டும் என்று ‘மேக்’ என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு. அதைப் படித்து, அதிலுள்ள மாறிகளின், அதாவது மதிப்புகளுக்கு வைத்த பெயர்களின், மதிப்பைச் சொல்லும். பதிப்பு எண் என்ன, எந்த அடைவில் நிறுவும், எந்தெந்த மூலக்கோப்புகள் என்று கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். மாணவர்கள் அறுபது பேர் அனுப்பும் மேக்ஃபைல்களில் இதையெல்லாம் கண்ணால் தேடித் தேடி நான் புலம்பியதைக் கேட்டுத்தான் எழுதினார்.

கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையைப் போட்டால் போதாதா என்று முதலில் நானே கேட்டேன். போதாது. வரியின் கடைசியில் ஒரு பின்சாய்கோடு இருந்தால் அடுத்த வரியும் அதன் தொடர்ச்சி. ஒரு மாறிக்குள் இன்னொரு மாறி இருக்கும். பத்து வரி தள்ளி += போட்டு வாலை நீட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும்விட, வெறும் = வேறு, := வேறு. := என்றால் அந்த வரியிலேயே கணக்கு தீர்ந்துவிடும். வெறும் = என்றால் எழுதியது எழுதியபடி கிடக்கும், எடுக்கிற நேரத்தில்தான் மதிப்பு தெரியும். நடுவில் யாராவது உள்ளே இருக்கும் மாறியை மாற்றியிருந்தால் விடையும் மாறிவிடும். மதகு திறக்கிற அன்றைக்கு ஆற்றில் என்ன ஓடுகிறதோ அதுதானே வயலுக்கு!

மேக்கிடமே கேட்டுவிடலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மேக்கில் பல வகை உண்டு. பிஎஸ்டி மேக் என்ற வகையில் மாறியின் பெயரைக் கொடுத்து மதிப்பை வாங்க ஒரு விருப்பக்குறி இருக்கிறது. குனூ மேக்கில் அது கிடையாது, மொத்தப் பட்டியலையும் கொட்டச் சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், ஷெல் கட்டளையை, அதாவது கணினிக்கு நேரடியாக இடும் கட்டளையை, ஓட்டி மதிப்பு வாங்குகிற மாறி ஒன்று கோப்பில் இருந்தால், படிக்கும்போதே அந்தக் கட்டளை ஓடிவிடக்கூடும். எதையும் செய்யாமல் காட்டு என்று சொல்லி ஓட்டினாலும் இது நிற்காது. மாணவர் அனுப்பிய கோப்பில் என்ன கட்டளை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்த லைப்ரரி எதையும் ஓட்டாது, வெறுமனே வாசிக்கும். அதனால்தான் எனக்குப் பிடித்தது.

சரி, நிரல் ஆயிற்று. இதை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குச் சிப்பமாக்குவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம். எங்கள் ஆய்வகக் கணினிகளில் டெபியன்தான். உபுண்டுவும், அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸும்கூட டெபியனிலிருந்து கிளைத்தவைதான். தலைப்பில் விட்டால் கிளை வாய்க்கால்களுக்கும் போகும் என்று ஓர் ஆசை.

பெர்ல் நிரல்களுக்கு முதல் வரைவைத் தானே போட்டுத்தரும் கருவி உண்டு. ஒரு நிமிட வேலை. அதற்கப்புறம் மூன்று வாரம் ஆனது.

முதல் அடி, சுத்தமான சூழலில் கட்டிப் பார்த்தபோது விழுந்தது. அந்த மாணவியின் கணினியிலும் என் கணினியிலும் சோதனைகள் எல்லாம் தேறின. ஒன்றுமே நிறுவாத வெற்று அமைப்பில் ஓட்டினால் இரண்டாவது வரியிலேயே விழுந்தது. என்றைக்கோ வேறு வேலைக்காக நாங்கள் நிறுவிய ஒரு மாட்யூலை லைப்ரரி சத்தமில்லாமல் நம்பியிருந்திருக்கிறது. இது ஓட வேறு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் சார்புப் பட்டியலில் அதை எழுதவே இல்லை. ‘என் கணினியில் ஓடுதே சார்’ என்று மாணவர்கள் சொல்லும்போதெல்லாம் முகம் சுளிப்பவன் நான்.

அடுத்தது உரிமம். ஒவ்வொரு கோப்பையும் எழுதியது யார், எந்த உரிமத்தில் தருகிறார் என்று தனிக் கோப்பில் பதிய வேண்டும். லைப்ரரிக்குப் பெர்லின் உரிம விதிகளே பொருந்தும் என்று எழுதியிருந்தோம், அதில் வில்லங்கம் இல்லை. சோதனைக்கு வைத்திருந்த மாதிரி மேக்ஃபைல்களில் நான்கு எங்கிருந்தோ எடுத்தவை. எங்கிருந்து என்று அவருக்கும் நினைவில்லை. நான்கையும் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதினோம். பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டியதுபோல ஆகியிருக்கும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சிப்பம் கட்டும் விதிகளை எழுதும் கோப்பும் ஒரு மேக்ஃபைல்தான். லைப்ரரியை அதன் மேலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று ஆவலாகத் திறந்தோம். முதல் வரியை விட்டால் உள்ளே இரண்டே வரி, எங்களுடையது என்று சொல்ல ஒரு மாறிகூட இல்லை.

இவ்வளவு சின்னதற்குத் தனிச் சிப்பம் தேவையா என்று எங்களைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 11 வரி நிரல் ஒன்றை எழுதியவரே நீக்கியபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன. சின்னதைக் கேட்பாரற்று விட்டால் அப்படித்தான் ஆகும். ஏற்றும் உரிமை எங்களுக்கு இல்லாததால் டெபியன் உறுப்பினர் ஒருவர் பார்த்து ஏற்றித் தந்தார். இப்போது உரிமச் சரிபார்ப்பு வரிசையில் காத்திருக்கிறது.

இதில் எந்த ஒன்றையும் எங்கள் பாடத்திட்டத்தில் நான் பார்த்ததில்லை. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையைத் தங்க எழுத்து அட்டை போட்டு பைண்டு செய்யச் சொல்கிறோம். உள்ளே இருக்கும் நிரல் அடுத்த மேசைக் கணினியில் ஓடுமா என்று கேட்பதில்லை. வேறொரு கணினியில், எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், நிறுவிக் காட்டினால்தான் மதிப்பெண் என்று ஒரே ஒரு விதி கொண்டுவந்தால் போதும். இதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கட்டுரையில் மாதிரிக்கு அச்சிட்டிருக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி விடச் சொல்லியிருக்கிறது. அப்படி அடித்தால் குனூ மேக் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று சொல்லி நின்றுவிடும். அங்கே டேப் விசையைத்தான் தட்ட வேண்டும். 1976-இல் பெல் ஆய்வகத்தில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை மாற்றலாமா என்று யோசிப்பதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம், அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டார். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டுவிடுங்கள். அதைப் பார்த்து அடித்துவிட்டு இரண்டு பேர் ஏற்கெனவே என் மேசைக்கு வந்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
வலங்கைமான்.