கையில் ஊசியோடு போனவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் முன்பைவிடத் தேவலை. 19 நாட்களாக உன்னிடமிருந்து "டூட்டியில் இருக்கிறேன்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. கடைசியாகப் பேசியபோது, "அந்தப் பெண் மறுபடியும் வந்தாள் அம்மா, கூடவே அந்த ஆளும் வந்தான்" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் பேச்சை மாற்றினாய். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவள் ஆள்கடத்தலில், அதாவது ஏமாற்றியோ மிரட்டியோ ஆளைப் பிடித்து வைத்துச் சுரண்டுகிறவர்கள் கையில், சிக்கியவளாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. 31 ஆண்டுகள் நர்ஸாக வார்டில் நின்றவளுக்கு அதைப் பற்றித் தெரிந்ததை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

நோயாளியிடம் கேட்கும் கேள்விக்குக் கூட வந்தவரே பதில் சொல்வது, அடையாள அட்டை அவருடைய பையிலிருந்தே வெளிவருவது, தான் தங்கியிருக்கும் இடத்தின் முகவரி அவளுக்கே தெரியாமல் இருப்பது, காயம் சீழ் வைத்த பிறகே காட்ட வருவது, சொல்லும் கதைக்கும் காயத்துக்கும் பொருந்தாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்றை மட்டும் வைத்து நாம் எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. பாசமுள்ள கணவனும் பதற்றத்தில் மனைவியைப் பேசவிடாமல் தானே பேசுவான். பல அடையாளங்கள் ஒன்றுசேரும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது. பெண்ணென்றும் பாலியல் தொழிலென்றும் மட்டுமே எண்ணிவிடாதே. 2021-இல் உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்ததாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. அவர்களில் பாலியல் சுரண்டலில் இருந்தவர்கள் 63 லட்சம் பேர். எலும்பு முறிந்து வருகிற கட்டடத் தொழிலாளியையும், கை வெந்து வருகிற வீட்டு வேலைக்காரரையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். "விரும்பித்தானே வேலைக்கு வந்தார்" என்று யாராவது சொன்னால், ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் சம்மதமே ஆகாது என்று ஆள்கடத்தல் பற்றிய 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறை சொல்வதை நினைவில் வை. 18 வயது நிரம்பாதவர் என்றால், ஏமாற்றினார்களா மிரட்டினார்களா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவளைத் தனியாகப் பார். எக்ஸ்ரே அறைக்குள் கூட வந்தவர்களை விடுவதில்லை, இது எல்லோருக்கும் உள்ள விதி என்று இயல்பாகச் சொல்லி அழைத்துப் போ. மொழி தெரியாதவள் என்றால் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடு. அந்த ஆளை ஒருபோதும் மொழிபெயர்க்க விடாதே. "உன்னைக் கடத்தி வந்தார்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். "தூங்கும் அறையை யார் பூட்டுகிறார்கள்? சம்பளம் யார் கைக்குப் போகிறது? வேலையை விட்டுவிட நினைத்தால் என்ன நடக்கும்?" என்று கேள். அதற்கும் முன்பாக, எதை நீ வெளியே சொல்லியே ஆக வேண்டும், எது அவளுடைய விருப்பம் என்பதைச் சொல்லிவிடு. குழந்தை என்றால் உரியவர்களுக்குத் தெரிவிப்பது உன் கடமை. வளர்ந்தவர் என்றால் பெரும்பாலும் அவருடைய சம்மதம் வேண்டும். தொலைபேசி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்காதே, அந்தச் சீட்டு யார் கையில் கிடைக்கும் என்று உனக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டில் அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுது. சமூகப் பணியாளரிடமும் உன் பொறுப்பு அதிகாரியிடமும் சொல். தனியாக எதுவும் செய்யாதே.

அந்த ஆளின் வண்டி எண்ணைத் தம்பிக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னாயாமே. அவனைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். உன் துணிச்சலை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றவளிடம் மறைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாயே என்ற மனத்தாங்கலும் இருக்கிறது. அந்த வண்டியின் பின்னால் நீ போகாதே. உன்னைப் பார்த்தால் அவன் உன்னை ஒன்றும் செய்யாமல் போகலாம், அவளைத்தான் செய்வான். இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

நீ சிறு பிள்ளையாக இருந்தபோது திரும்பத் திரும்பக் கேட்பாயே, அம்மா அந்தப் பெரிய மனுஷியைத் தட்டிக் கேட்ட கதை. அந்தக் கதையைக் கேட்டுத்தான் நர்ஸ் ஆனேன் என்று நேர்முகத் தேர்விலும் சொன்னாய். அந்தக் கதையின் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரிய மனுஷி வார்டுக்கு அழைத்து வந்த பெண்ணுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது. முழங்கைக்குக் கீழே வரிசையாக மூன்று சூட்டுத் தழும்புகள், ஒன்று ஆறியும் ஒன்று பாதி ஆறியும் ஒன்று புதிதாகவும் இருந்தன. "யார் சூடு வைத்தது?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி, அந்த அம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தைத்தான் பார்த்தாள். "நானேதான் அடுப்பில் சுட்டுக்கொண்டேன்" என்றாள். நான் அந்த அம்மாளிடம் சத்தம் போட்டேன். உனக்குச் சொன்ன கதை அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

மருத்துவரை அழைத்து வர நான் போயிருந்த பத்து நிமிடத்தில் இருவரும் போய்விட்டார்கள். ட்ரிப் ஸ்டாண்டிலிருந்து குழாய் தரையில் தொங்கி, குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஏற்றிய ஊசி அவள் கையிலேயே இருந்தது, அதோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை யார் எடுத்திருப்பார்கள், எடுப்பதற்கு முன் என்ன செய்திருப்பார்கள் என்பதை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் பேசியதில்லை, உன் அப்பாவிடம்கூட. ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவில் பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்டு மீண்டு வந்த பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். பதில் சொன்னவர்களில் 100-க்கு 88 பேர், சிக்கியிருந்த காலத்திலேயே ஏதாவதொரு மருத்துவ உதவியைத் தேடி வந்து போனவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளும் வந்தாள். நான் சத்தம் போடாமல் சிறுநீர் பரிசோதனை என்று சொல்லி அவளைக் கழிவறைப் பக்கம் அழைத்துப் போயிருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லாமலே இருந்திருக்கலாம். கட்டு மாற்ற மூன்றாம் நாள் வா என்றாவது சொல்லி அனுப்பியிருப்பேன்.

உன்னிடம் வந்த பெண் மறுபடியும் வந்தாள் என்றாயே. முதல் தடவை நீ ஏதோ சரியாகச் செய்திருக்கிறாய், கண்ணு. மூன்றாவது தடவையும் அவள் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு எந்நேரமானாலும் விழித்திருப்பேன். அவளைப் பற்றிப் பேச விருப்பம் இல்லையென்றால் பேச வேண்டாம், சும்மா கூப்பிடு.

உன் அம்மா