காலாண்டு விடுமுறைக் கடிதம்: சில செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்குகிறது. இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. விளையாட்டு விழாவில் எல்லா அணிகளும் உற்சாகமாகக் கலந்துகொண்டன. அறிவியல் கண்காட்சியைப் பார்த்தவர்கள் மனம்விட்டுப் பாராட்டினார்கள். பேச்சுப் போட்டியிலும் ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்தார்கள். விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் தரப்படும். உழைத்த ஆசிரியர்கள், மாணவர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்.

சென்னை தினத்தையொட்டி எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நகரத்தின் பழைய கட்டடங்களைப் பார்க்க அழைத்துப் போனதும் உங்களுக்குத் தெரியும். புனித ஜார்ஜ் கோட்டை, சென்ட்ரல் நிலையம், விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை, எழும்பூர் அருங்காட்சியக வளாகம் என்று நீண்ட சுற்று. பிள்ளைகளின் குறிப்பேடுகளில் பல மிக நன்றாக வந்திருக்கின்றன. 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய உயர் நீதிமன்றக் கோபுர விளக்கை ஒரு மாணவி அடுக்கடுக்காக வரைந்திருப்பதைப் பள்ளி நுழைவாயிலில் மாட்டியிருக்கிறோம்.

அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நாங்கள் போன கட்டடங்களில் ஒன்றின் தாழ்வாரத் தூணில் சில மாணவர்கள் காம்பஸ் முனையால் தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள். பக்கத்துச் செங்கல் சுவரில் ஒயிட்னரால் வகுப்பும் பிரிவும் எழுதப்பட்டிருக்கிறது. கட்டடத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அங்குள்ள பொறுப்பாளர்கள் நம்மிடம் மிகுந்த கண்ணியத்தோடு நடந்துகொண்டார்கள், அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சம்பந்தப்பட்ட பெற்றோர்களிடம் பேசிவிட்டோம். அவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், செலவை ஏற்கவும் முன்வந்தார்கள். ஆனால் வகுப்பு வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்த கருத்துகளைப் பார்க்கும்போது, என்ன சேதம் நடந்திருக்கிறது என்பது பலருக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. "ஒரு கோட் வெள்ளையடித்தால் மறைந்துவிடுமே", "ஒரு கரண்டி சிமெண்ட் போதாதா", "வெள்ளைக்காரன் கட்டியதற்கு எதற்கு இவ்வளவு பதற்றம்" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விகள்தான். பதில் சொல்வது பள்ளியின் பொறுப்பு.

அந்தத் தூண் சலவைக்கல் போல மினுங்கும், ஆனால் சலவைக்கல் அல்ல. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. இந்த மெருகுப் பூச்சுக்காகவே ஒரு காலத்தில் மதராஸ் பெயர் பெற்றிருந்தது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பை ஆற்று மணலோடும் வெல்லத் தண்ணீரோடும் அரைத்து ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு முதல் பூச்சு பூசுவார்கள். அது இறுகிய பிறகு சுண்ணாம்பு கூடி மணல் குறைந்த இரண்டாம் பூச்சு. மூன்றாவதுதான் நாம் கண்ணால் பார்க்கும் தோல். வெண்ணெய் பதத்துக்கு அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்து மெல்லிதாகப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். மேலே கசியும் ஈரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றித் தேய்த்தால்தான் அந்த மினுமினுப்பு வரும்.

காம்பஸ் முனை இந்த மெல்லிய தோலை ஒரே இழுப்பில் கிழித்துவிடுகிறது. கீறலின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மேலே பளிச்சென்ற வெள்ளை, அடியில் மணல் தெரியும் பழுப்பு என்று இரண்டு நிறம் தெரியும். அந்தப் பழுப்புப் பகுதி தண்ணீரை உறிஞ்சும். வடகிழக்குப் பருவமழையில் உள்ளே இறங்கும் ஈரம் வெயிலில் உலரும்போது, கடற்காற்று கொண்டுவந்த உப்பு காரைக்குள் படிகமாகி மேல் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. சில பருவங்கள் போனால், விரல் மடக்கித் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்கும். பிறகு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். அதனால்தான் ஒரு பெயரின் நீளமே உள்ள கீறலை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம்.

வெள்ளையடித்தால் கீறல் மறையும், மெருகும் சேர்ந்தே மறைந்துவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் என்றால் இன்னும் மோசம், சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

சிமெண்ட் விஷயத்தை எல்லாரும் கவனிக்க வேண்டுகிறேன், குறிப்பாக மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் இருப்பவர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விடும். சிமெண்ட் அந்த அளவுக்கு விடாது. பழைய செங்கல்லையும் காரையையும்விடக் கடினமானது வேறு. சிமெண்ட் ஒட்டுக்குப் பின்னால் தேங்கும் ஈரம் ஒட்டின் விளிம்பைச் சுற்றி வெளியேறப் பார்க்கும். அங்கே செங்கல் பொடிப்பொடியாக உதிரும். கடைசியில் சிமெண்ட் ஒட்டு மட்டும் திடமாக நிற்கும், சுற்றியுள்ள பழைய சுவர் கரைந்துபோயிருக்கும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு பழைய கட்டடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சரியான முறை மெதுவானது. பெயர்ந்ததைச் சுரண்டித் தூசி தட்டி, சுவரை நன்றாக நனைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பு வேண்டும். கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள் ஊறவைத்துப் புளித்த தண்ணீரில் கலவையை அரைக்க வேண்டும். பழைய காரையின் மணல் எவ்வளவு நுண்மையோ, புதியதும் அதே நுண்மையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக. ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் பல நாள் காயாமல் காக்க வேண்டும். வேகமாக உலர்ந்தால் முடி போல விரிசல் விழும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதை அவசரப்படுத்த முடியாது. இந்தக் கைவேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. 2012 ஜனவரி தீயில் நாசமான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டபோதும் இந்தச் சுண்ணாம்பு முறைக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் கீறிய தூணின் வேலை மழைக்காலம் முடிந்து, பொங்கலுக்குப் பிறகே தொடங்கும்.

செங்கல்லில் எழுதிய ஒயிட்னருக்கு மறுநாளே தின்னரோடு போய்த் துடைக்கச் சிலர் தயாராக இருந்தார்கள். நல்ல மனதுதான், ஆனால் தின்னர் ஒயிட்னரின் பசையைக் கரைத்து, அதிலுள்ள வெள்ளைப் பொடியைச் செங்கல்லின் நுண்துளைகளுக்குள் இன்னும் ஆழமாக இறக்கிவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் சூளையில் வெந்து இறுகிய மேல்தோல் போய்விடும், அதன் பிறகு அந்தச் செங்கல் மழை தாங்காது. ஆகவே பிள்ளைகளைக் கொண்டு சுத்தம் செய்யவைப்பது என்ற தண்டனை இங்கே கிடையாது. அது இரண்டாவது சேதமாகத்தான் முடியும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டடங்கள் அந்நிய ஆட்சியின் அடையாளங்கள் என்பது உண்மை, அதை வகுப்பில் மறைக்காமலே சொல்லித்தருகிறோம். ஆனால் 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தைக் கட்டி எழுப்பிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். 1913இல் முடிந்த ரிப்பன் மாளிகைக்கு வரைபடம் ஹாரிஸ் போட்டது, கட்டியது லோகநாத முதலியார். காரை அரைத்ததும் தூணைத் தேய்த்து மெருகேற்றியதும் இந்த ஊர்க் கொத்தனார்களும் சித்தாட்களும். அவர்கள் யாருடைய பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களுடைய வேலையின் மேல்தான் நம் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கீறியிருக்கிறார்கள்.

உடன் வந்த பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் உதவி இல்லாமல் இவ்வளவு பிள்ளைகளைச் சாலை கடக்க வைத்திருக்க முடியாது. ஆனாலும் படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளைப் பீரங்கி மேல் ஏற்றி உட்காரவைத்ததும், கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கல்லறைக் கற்களில் எழுத்து தெரியச் சாக்பீஸ் பொடி தேய்த்ததும் வேண்டாத காரியங்கள். பொடி எழுத்துக் குழிகளில் தங்கிவிடும். எழுத்தைப் படிக்க ஒரு டார்ச் போதும். நேராக அடிக்காமல் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், குழிகளில் நிழல் விழுந்து தேய்ந்த எழுத்துகூடத் தெளியும். எழும்பூரில் 1909இல் கட்டி முடித்த கலைக்கூடத்தின் இளஞ்சிவப்பு மணற்கல்லில் சாய்வதும் நகத்தால் சுரண்டுவதும்கூடக் கூடாது. மணற்கல் அடுக்கடுக்காக உரியும் தன்மை கொண்டது.

இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் தேவாலயம் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. "சின்னப் பிள்ளைகள்தானே" என்ற பதில் எங்கும் செல்லாது. இனி இப்படி நடந்தால், அந்த மாணவர் அந்தக் கல்வியாண்டின் எந்தப் பயணத்திலும் சேர்க்கப்பட மாட்டார். இதில் சலுகை கேட்டு யாரும் வர வேண்டாம். அதேபோல, கீறிய பெயர்கள் தெரியும்படி எடுத்த படத்தைக் குழுக்களில் பகிர்ந்தவர்கள் இன்றே நீக்கிவிடுங்கள். தவறு செய்த பிள்ளையை ஊர் முன் நிறுத்துவதைப் பள்ளி ஒருபோதும் ஏற்காது.

அரையாண்டுக்குப் பிறகான பயணம் சனிக்கிழமையில்தான் இருக்கும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டையில் தலைமைச் செயலகமும் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கட்டாயம். உயர் நீதிமன்றத்தை வெளியிலிருந்தே பார்ப்போம். பையில் கெட்டி அட்டை நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, தண்ணீர், தொப்பி. ஜாமெட்ரி பாக்ஸ், ஒயிட்னர், மார்க்கர், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். கிளம்பும் முன் பையைப் பார்த்து அனுப்புங்கள். காத்திருக்கும் நேரத்தில்தான் கை சுவருக்குப் போகிறது. எனவே இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வளைவையோ தூணின் தலைப்பையோ அளவு கணித்து வரையும் வேலை தருகிறோம்.

பணம் தர முன்வந்த பெற்றோர்களுக்கு நன்றி. யாரிடமும் தனியாக வாங்கப்போவதில்லை, செலவைப் பள்ளி ஏற்கிறது. சம்பந்தப்பட்ட மாணவர்கள் தாங்களாகவே மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தார்கள். தூணின் வேலை நடக்கும் நாட்களில் ஒரு நாள், கொத்தனார் அனுமதித்தால், அவர்களை அழைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்து பார்க்கவைக்க எண்ணியிருக்கிறோம். அவர்கள் நல்ல பிள்ளைகள். அவர்களைப் பற்றி எங்களுக்கு எந்தக் கசப்பும் இல்லை.

வெயிலில் நாள் முழுக்கக் கூட நடந்த பெற்றோர்கள், தண்ணீரும் மோரும் கொண்டுவந்து கொடுத்தவர்கள், கடிந்து பேசாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர்கள், உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இணைப்பில் உள்ள ஒப்புதல் படிவத்தைப் படித்து, கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்