கொம்பின் மேல் ஒரு கரணம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சென்ற மாதம் மகளுடன் கிரீட் தீவுக்குப் போய்த் திரும்பினேன். முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. வாழ்நாளெல்லாம் ஓவியம் கற்பித்த உங்களிடம், ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் கண்ட காளை தாண்டும் சுவரோவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுவர் முழுவதும் பரந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். கரையலங்காரத்தோடு சேர்த்தும் அதன் உயரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். நீலப் பின்னணியில், நான்கு கால்களையும் நீட்டிக் காளை பாய்கிறது. முன்னால் ஒருவர் கொம்பைப் பற்றியிருக்கிறார், முதுகின் மேல் செம்பழுப்பு நிற உடலொன்று தலைகீழாகக் கரணம் அடிக்கிறது, பின்னால் ஒருவர் கைகளை நீட்டிக் காத்திருக்கிறார். முன்னும் பின்னும் நிற்பவர்களின் மேனி வெள்ளை. எகிப்திய ஓவிய மரபில் அது பெண்ணுக்குரிய நிறம் என்பதால், இது கிடைத்த க்னோசோஸ் அரண்மனையை 1900இல் அகழத் தொடங்கிய ஆங்கிலத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் அவர்களைப் பெண்கள் என்றார். அவர்கள் இடுப்பில் இருப்பதோ ஆண்களின் அரையாடை. அதனால் பின்வந்த அறிஞர் சிலர் அவர்களும் ஆண்களே என்கின்றனர்.

கொம்பைப் பிடித்து மேலெழ முடியுமா என்பதும் விவாதத்துக்குரியதுதான். மாட்டை மடக்கிப் பழகிய அமெரிக்க வீரர் ஒருவரிடம் எவன்ஸ் காலத்திலேயே கேட்டபோது, பாயும் காளை தலையைப் பக்கவாட்டில் வீசிக் குத்தும், ஆகவே நடவாது என்றாராம். நம் ஏறு தழுவுதலை இதனோடு சேர்த்துவிடாதீர்கள். திமிலைத் தழுவுவது வேறு, முதுகைத் தாண்டுவது வேறு.

உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று: மினோவன் எனப்படும் கிரீட்டின் வெண்கலக் கால நாகரிகத்து ஓவியர்கள் ஈரம் உலராத சுண்ணச் சாந்தில் கயிற்றை அழுத்திக் கோடு பதித்து, சாந்து இறுகுமுன் வண்ணம் தீட்டினார்கள். திருத்த நேரமில்லாத அந்த அவசரம் காளையின் வயிற்றுக் கோட்டில் இன்றும் தெரிவதாக எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் கோட்டில் எவ்வளவு பழையது? கிடைத்தவை துண்டுகளே, எவன்ஸுக்காக இத்தகைய இடைவெளிகளை நிரப்பியவர்கள் ஜிலியெரோன் என்னும் தந்தையும் மகனும். அதே க்னோசோஸில் குங்குமப்பூ பறிக்கும் சிறுவனாக ஒட்டிச் சேர்க்கப்பட்ட உருவம், பின்னர் நீலக் குரங்கு என்று தெளிந்தது.

இத்துடன் காளை ஓவியத்தின் அஞ்சலட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய தூரிகை எங்கே நிற்கிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று பென்சிலால் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்